கொடை நோட்டில் இருக்கும் ஊர்

(பொதுக்கூட்ட மன்றம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘சிற்றூரும் திருவிழாவும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். தலைப்பைக் கேட்டதும் தேர் ஓடும் ஊர்களைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நெல்லையப்பருக்கு ஆனித் தேர் உண்டு. சங்கரன்கோவிலுக்கு ஆடித் தபசு உண்டு. பாபநாசத்துக்குச் சித்திரை விசு உண்டு. அந்த ஊர்களுக்கெல்லாம் கல்வெட்டு இருக்கிறது, புராணம் இருக்கிறது, பாடி வைத்த புலவர்கள் இருக்கிறார்கள். அவை தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும்.

நான் பேச வந்தது கல்வெட்டு இல்லாத ஒரு ஊரைப் பற்றி. தேர் இல்லாத ஒரு ஊரைப் பற்றி. ஏன், பட்டாவே இல்லாத ஒரு ஊரைப் பற்றி! மணிமுத்தாறு செக்போஸ்ட்டைத் தாண்டி, அருவியைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் மூச்சு வாங்கி ஏறினால் வருகிற மாஞ்சோலை. அதற்கு மேலே காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. ஐந்து குடியிருப்புகள். வடகிழக்குப் பருவமழையில் தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை கொட்டுகிற இடங்கள் எவை என்று வானிலைக்காரர்களைக் கேளுங்கள். ஊத்தையும் நாலுமுக்கையும் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அந்த மழையில், அந்த அட்டைக்கடியில், நான்கு தலைமுறை வாழ்ந்திருக்கிறது. அந்த மனிதர்களுக்கு ஒரு திருவிழா இருந்தது. அது என்ன ஆகப்போகிறது என்பதுதான் இன்றைக்கு என்னுடைய பேச்சு.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமாக இருந்த காட்டில் எட்டாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் ஏக்கரை பாம்பே பர்மா வர்த்தக நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. குத்தகை தொடங்கியது 1929 பிப்ரவரியில். முடிவது 2028 பிப்ரவரியில். காட்டை வெட்டித் தேயிலை வைக்க ஆள் வேண்டுமே! கீழே நிலமில்லாமல், கூலிக்கு வழியில்லாமல், சாதியின் பெயரால் நிமிர விடாமல் வைக்கப்பட்டிருந்த மக்களைக் கங்காணிகள் மலைக்கு அழைத்துப் போனார்கள். போனவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித் மக்கள். வரிசை வரிசையாக லைன் வீடுகள். காலையில் சங்கு. கொட்டுகிற மழையில் கொழுந்து. சாயங்காலம் எடை.

ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1952இல் சிங்கம்பட்டி ஜமீனின் காடு அரசாங்கத்துக்குப் போனது. ராஜாவின் உரிமை போயிற்று. குத்தகை மட்டும் போகவில்லை. கம்பெனி அங்கேயே இருந்தது. தொழிலாளியும் அங்கேயே இருந்தான். ஒரே ஒரு நிபந்தனை. வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு வயது வந்துவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும், அல்லது அதே வீட்டில் மகனோ மகளோ பெயர் கொடுத்து வேலைக்குச் சேர வேண்டும். பிறந்தது அங்கே, பூப்பெய்தியது அங்கே, பிள்ளை பெற்றது அங்கே. அப்பனையும் ஆத்தாளையும் புதைத்தது அங்கே. ஆனால், ஒரு செங்கல்கூட ‘என்னுடையது’ என்று சொல்ல முடியாது. இப்படி ஒரு ஊரை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

அந்த ஊரில் எது அவர்களுடையது? தேயிலைச் செடி கம்பெனியுடையது. காடு சர்க்காருடையது. ரோடு வனத்துறையுடையது. லைன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் அடிக்காததும் துரையின் விருப்பம். அவர்களுடையதாக இருந்தது அவர்களே எழுப்பிய கோயிலும், அவர்களே எழுப்பிய தேவாலயமும், பள்ளிவாசலும், அவற்றில் ஆண்டுக்கொரு முறை அவர்களே வரி போட்டு எடுத்த விழாவும்தான்.

நெல்லைச் சீமைக்காரர்களுக்கு, ஊர்க் கோயில் விழாவான கொடை என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. கால் நாட்டுவது, குடியழைப்பு, வில்லுப்பாட்டு, சாமக்கொடை, மறுநாள் மஞ்சள் நீர். எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால், அதற்குப் பல வாரங்களுக்கு முன்னாலேயே ஒரு நோட்டு எடுப்பார்களே, அதை நினைத்துப் பாருங்கள். தலைக்கட்டு வரி நோட்டு. கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. மேலே பிள்ளையார் சுழி. இடப்பக்கம் குடும்பத் தலைவர் பெயர், வலப்பக்கம் தொகை, கடைசியில் ‘வரவு’ என்று ஒரு டிக். கல்யாணம் ஆனதும் ஒரு வாலிபன் தனித் தலைக்கட்டு ஆகிவிடுவான். வரி கொடுக்க ஆரம்பித்த அன்றைக்கு ஊர்க்கூட்டத்தில் அவனுக்கு ஒரு வாய் உண்டு.

மலையிலும் அதே நோட்டுதான். ஆனால், மலையில் அந்த நோட்டுக்கு இருந்த மதிப்பே வேறு. கம்பெனியின் பதிவேட்டில் அவன் ஒரு எண். செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் ஒரு எண், எடைச் சீட்டில் ஒரு எண். ரேஷன் கார்டில்கூட எஸ்டேட்டின் லைன் வீடு என்றுதான் முகவரி. அவன் பெயருக்கு முன்னால் ஒரு குடும்பமும் பின்னால் ஒரு மரியாதையும் சேர்த்து எழுதப்பட்ட ஒரே காகிதம் அந்தக் கொடை நோட்டுதான். முந்நூற்றைம்பது நாளுக்கு மேல் கூலிக்காரன். கொடை நடக்கிற மூன்று நாள் அவன் ஊர்க்காரன். அந்த மூன்று நாளைக்காகத்தான் ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்து இறங்கிப்போன கிழவனும் கிழவியும் பஸ் பிடித்து மேலே வருவார்கள். திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் வருவார்கள். கட்டிக்கொடுத்த பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவாள். ஒரு அறையும் ஒரு அடுப்படியும் உள்ள லைன் வீட்டில் பதினைந்து பேர் படுப்பார்கள். திண்ணையில் போர்வை, பக்கத்து வீட்டில் பாய். கிறிஸ்தவர் வீட்டில் கோயில் விருந்தாளி, இந்து வீட்டில் தேவாலயப் பொதுவிருந்தான அசனத்தின் சோறு. தேவாலயத்து அசனத்தில் உட்காராத வீடு எது? கிறிஸ்துமஸ் இரவில் பாட்டுக்குழு கதவைத் தட்டாத லைன் எது?

இந்த இடத்தில் கொஞ்சம் மலையின் மறுபக்கம் போய்வரலாம். மாஞ்சோலையைப் பேசும்போது காரையாரைப் பேசாமல் இருக்க முடியாது.

அதே சிங்கம்பட்டி ஜமீன். அதே காடு. காரையாரில், தாமிரபரணிக் கரையில் சொரிமுத்து அய்யனார் கோயில். ஆடி அமாவாசைக்கு அங்கே எத்தனை ஜனம் கூடுகிறது என்பது இந்த அவைக்குத் தெரியும். காட்டுக்குள் ஓர் ஊரே முளைக்கும். கம்பு நட்டு, தார்ப்பாய் கட்டி, அடுப்புக் கூட்டி, ஆட்டுக்குட்டியோடு, பாட்டியோடு, கைக்குழந்தையோடு குடில் போட்டுத் தங்குவார்கள். ஆற்றில் குளிப்பு, கரையில் பொங்கல், இரவில் வில்லு. சங்கிலி பூதத்தார் சந்நிதியில் அருள் வந்தவர்கள் சங்கிலியால் தங்களை அடித்துக்கொள்வார்கள். தளவாய் மாடன், தூசி மாடன், பேச்சியம்மன், பிரம்மராட்சசி. நெல்லையின் காவல் தெய்வங்களில் பாதிக்கு அங்கே பீடம் உண்டு.

நான் உங்களைக் கூட்டிப்போய் நிறுத்த விரும்புவது பட்டவராயன் சந்நிதியில். அங்கே நேர்ச்சைக் காணிக்கை என்ன தெரியுமா? செருப்பு! ஜோடி ஜோடியாகச் செருப்பு. எந்தக் கோயிலிலும் வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போகிற செருப்பு, இங்கே சாமிக்கு முன்னால் தொங்குகிறது. தோல் வாசனை மாறாத புதுச் செருப்புகள், ஒற்றை ஆணி அடித்த பழங்காலப் பாணிச் செருப்புகள். வருஷம் முழுக்க பட்டவராயன் அதைப் போட்டுக்கொண்டு காட்டில் நடக்கிறார், அதனால்தான் அடி தேய்ந்திருக்கிறது என்று பக்தர்கள் திருப்பிக் காட்டுவார்கள். யார் இந்தப் பட்டவராயன்? முத்துப்பட்டன். பிராமணக் குடும்பத்தில் பிறந்து, சக்கிலியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்கா என்கிற அக்காள் தங்கையை மணந்தவன். பெண்ணைக் கேட்டபோது மாமனார் போட்ட நிபந்தனையை ஏற்று, பூணூலை அறுத்து, செருப்புத் தைத்தவன். மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்டவன். பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்களில் முத்துப்பட்டன் கதைக்குத் தனி இடம் உண்டு. சாதியைத் தாண்டிக் கல்யாணம் செய்தவனைச் சாமியாக்கி, அவன் தைத்த செருப்பையே காணிக்கையாக்கிய மக்கள் நம் மக்கள். அந்தக் கதையை வில்லில் கேட்டுவிட்டு ஊருக்குத் திரும்பித் தெருவைப் பிரித்து வைத்துக்கொண்டு வாழ்கிறவர்களும் நாம்தான். இதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

அந்த ஆடி அமாவாசைத் திருவிழாவில் சிங்கம்பட்டி ராஜா தலைப்பாகையும் பட்டு உடையுமாகத் தர்பாரில் வீற்றிருப்பார். ஜனங்கள் வணங்குவார்கள். முருகதாஸ் தீர்த்தபதி ராஜா 2020இல் காலமானார். ஜமீன் ஒழிந்தது 1952. இடையில் எத்தனை ஆண்டு, எண்ணிப் பாருங்கள். சட்டம் ராஜாவை எடுத்துவிட்டது. திருவிழா அறுபத்தெட்டு ஆண்டு அவரை நாற்காலியில் உட்கார வைத்தது. அதைப் பழிக்க நான் இங்கே வரவில்லை. திருவிழாவுக்கு அவ்வளவு பலம் இருக்கிறது என்று காட்டத்தான் சொல்கிறேன். ஒரு குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட குடும்பத்துக்குத் திருவிழா அத்தனை காலம் மரியாதை காத்துக் கொடுத்தது. அந்தக் குத்தகைக் காட்டில் உழைத்த குடும்பங்களுக்கு யார் மரியாதை காத்துக் கொடுக்கப் போகிறார்கள்?

ஆடி மாதம் என்றதும் இன்னொரு நாளையும் சொல்லியாக வேண்டும். 1999 ஜூலை 23. ஆடி பிறந்து ஒரு வாரம். மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு கேட்டும், சிறையில் அடைக்கப்பட்ட தொழிலாளர்களை விடுவிக்கக் கேட்டும் திருநெல்வேலியில் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் பேரணி போனது. கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி. ஓடியவர்கள் ஆற்றில் விழுந்தார்கள். பதினேழு உயிர். அதில் பெண்கள் உண்டு. ஒரு கைக்குழந்தையும் உண்டு. அமாவாசைக்குத் தர்ப்பணம் செய்து கும்பிடுகிற அதே தாமிரபரணி! ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளில் அங்கே போய் ஆற்றில் பூத் தூவுகிறார்கள். எந்தப் பஞ்சாங்கத்திலும் அச்சாகாத நாள். ஆனால், மாஞ்சோலைக்காரர்களுக்கு ஆண்டு விழாக்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது. கொடைக்குச் சேர்கிற ஜனம்தான் அன்றைக்கும் சேர்கிறது. அழுவதற்கும் ஒரு ஊர் வேண்டும் அல்லவா?

இப்போது கடல் கடந்து ஒரு இடத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன். மெக்சிகோ. தொலைதூரம் என்று நினைக்காதீர்கள். நம் சாமி மாலையில் கிடக்கிற கேந்திப்பூ மெக்சிகோ மண்ணில் பிறந்த பூ. நம் படையலில் போடுகிற மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துப் பிறவிதான். அவர்கள் நவம்பர் முதல் இரண்டு நாளும் செத்தவர்களுக்காகக் கல்லறைகளைக் கேந்திப்பூவால் மூடுகிறார்கள். நம் கிறிஸ்தவச் சொந்தங்கள் நவம்பர் 2இல் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். உறவு இருக்கிறது.

அங்கே மிச்சோகான் மாநிலத்தில் சான் ஹுவான் பரங்கரிகுத்திரோ என்று ஒரு சிற்றூர். புரேபெச்சா பழங்குடி மக்களின் ஊர். 1943 பிப்ரவரி 20 அன்று, பக்கத்தில் தியோனிசியோ புலிதோ என்கிற விவசாயியின் மக்காச்சோளக் கொல்லையில் நிலம் வெடித்துப் புகை வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது எரிமலை ஆயிற்று. பரிகுத்தின் என்று அதற்குப் பெயர். நெருப்புக் குழம்பு மெல்ல மெல்ல ஊரை நோக்கி நகர்ந்தது. ஒரு நாளில் வந்து விழவில்லை. ஓர் ஆண்டுக்கு மேல் நகர்ந்தது. ஊர் காலியாகப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எப்போது என்பதுதான் தெரியாது. மாஞ்சோலைக்காரர்களே, அந்த நிலை உங்களுக்குப் புரியும்!

1944 மே மாதம் அவர்கள் கிளம்பினார்கள். எப்படிக் கிளம்பினார்கள்? தனித்தனியாகச் சாமான் மூட்டையோடு அல்ல. தேவாலயத்தில் இருந்த அற்புதங்களின் ஆண்டவர் திருவுருவத்தைத் தோளில் ஏற்றி, ஊர் முழுவதும் பின்னால் நடந்து, புதிய இடத்தில் இறக்கி வைத்தார்கள். இறக்கி வைத்த இடத்தில் ஊர் எழுந்தது. நுவேவோ சான் ஹுவான், அதாவது புதிய சான் ஹுவான். பழைய ஊர் கருங்கல்லாக உறைந்த குழம்புக்குள் புதைந்துவிட்டது. தேவாலயக் கோபுரமும் பலிபீடமும் மட்டும் இன்றைக்கும் வெளியே நிற்கின்றன. எரிமலை அடங்கியது 1952இல். ஆமாம், நம் ஜமீன் அடங்கிய அதே ஆண்டு.

திருவிழா நின்றதா? நிற்கவில்லை. செப்டம்பர் 14 அன்று புதிய ஊரில் நடக்கிறது. அந்தத் தேவாலயத்துக்குள் பக்தர்கள் ஆடிக்கொண்டே போவார்கள். பிரார்த்தனை பலித்ததற்கு நன்றி ஆட்டம். கிழவிகளும் ஆடுவார்கள். தூக்கி வந்தது ஒரு சிலையை மட்டுமா? கூட்டம் போடுகிற பழக்கத்தை, பொறுப்பைப் பகிர்கிற பழக்கத்தை, யார் வீட்டு முறை எந்த ஆண்டு என்கிற கணக்கை, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தூக்கி வந்தார்கள். அந்தப் பலத்தில் பிற்காலத்தில் அந்தச் சமூகம் தன் பொதுக்காட்டைத் தானே நிர்வகித்தது. மரம் அறுக்கும் ஆலை வைத்தது. வெட்டிய இடத்தில் நட்டது. சமூகம் நடத்தும் காட்டுக்கு எடுத்துக்காட்டாக உலகம் முழுவதும் வன அறிஞர்கள் அந்த ஊரைச் சுட்டுகிறார்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? 2024இல் மாஞ்சோலையில் என்ன நடந்தது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குத்தகை முடிய நான்கு ஆண்டு இருக்கும்போதே கம்பெனி விருப்ப ஓய்வு அறிவித்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். பணம் வாங்கிக்கொண்டு வீட்டைக் காலி செய்யச் சொல்லி நாள் குறித்தார்கள். தொழிலாளர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அரசின் டான்டீ நிறுவனம் தோட்டத்தை ஏற்று நடத்த வேண்டும் என்று கேட்டார்கள். இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக நீலகிரியில் அரசே தேயிலைத் தோட்டம் நடத்தவில்லையா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால், அந்த ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. காடு காடாகட்டும், மக்களுக்குக் கீழே மறுவாழ்வு கொடுங்கள் என்பதுதான் போகிற திசை.

மாஞ்சோலையும் அடங்கிய களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் நம் தாமிரபரணியின் தாய்மடி. காட்டைக் காப்பாற்றக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கீழே நெல் விளைவது அந்தக் காட்டால். ஆனால், மறுவாழ்வு என்று ஒரு வார்த்தை சொல்கிறீர்களே, அதில் என்ன இருக்கிறது? வீடு இருக்கிறது. சரி. குலுக்கல் போட்டு ஆளுக்கொரு சாவி. நாலுமுக்குக்காரன் ஒரு பக்கம், ஊத்துக்காரன் ஒரு பக்கம், வேலை தேடிப் போனவன் இன்னொரு பக்கம். அடுத்த ஆண்டு கொடைக்கு யார் நோட்டு எடுப்பது? எந்தத் தெருவில் முதல் வரி வாங்குவது? சாமியை யார் தோளில் ஏற்றுவது? எரிமலை வந்த ஊருக்குக் கிடைத்த அவகாசமும் மரியாதையும் கம்பெனி போன ஊருக்குக் கிடைக்காதா?

அதனால் அரசிடம் நான் கேட்பது இரண்டு.

ஒன்று, இறக்குவதாக இருந்தால் ஊராக இறக்குங்கள். ஐந்து குடியிருப்பு மக்களும் சேர்ந்து இருக்க ஒரே இடம். அதில் கோயிலுக்கு, தேவாலயத்துக்கு, பள்ளிவாசலுக்கு, கொடை மேடைக்கு இடம்.

இரண்டு, மேலே இருக்கும் சாமிக்கும் கல்லறைக்கும் போய்வர ஆண்டுக்குச் சில நாள் வழி திறந்துவிடுங்கள். புலிகள் காப்பகத்தில் முடியாது என்று யாராவது சொன்னால் காரையாரைக் காட்டுங்கள். அதுவும் அதே காப்பகம்தானே? ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கானவர்களுக்குச் சிறப்புப் பேருந்து விட்டு, பிளாஸ்டிக்கைச் செக்போஸ்ட்டில் பறித்து, குடில் போட இடம் ஒதுக்கி, நடத்திக் காட்டுகிற நிர்வாகத்துக்குச் சில நூறு குடும்பங்களின் மூன்று நாள் கொடையா நடத்தத் தெரியாது?

மாஞ்சோலைச் சொந்தங்களே, கடைசியாக உங்களிடம் ஒன்று. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இருக்கிறது. பழங்குடியல்லாத பாரம்பரிய வனவாசிகள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டில் வாழ்ந்து காட்டை நம்பியிருந்ததைக் காட்ட வேண்டும் என்கிறது. 2005 டிசம்பர் 13 வரை அந்தக் கணக்கு. பின்னோக்கி எண்ணினால் 1930 டிசம்பர் வருகிறது. உங்கள் பாட்டன் மலை ஏறிய காலத்தை அந்தத் தேதி தொட்டுக்கொண்டு நிற்கிறது! தோட்டத் தொழிலாளிக்கு அந்தச் சட்டம் பொருந்துமா பொருந்தாதா என்பதை வழக்கறிஞர்கள் வாதாடட்டும். ஆனால், அந்தச் சட்டத்தின் விதிகளில் எவையெல்லாம் சான்று என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பழைய கிணறு சான்று. இடுகாடு சான்று. புனிதத் தலம் சான்று. பெரியவர்களின் வாக்குமூலம் சான்று.

எனவே, வீட்டைக் காலி செய்கிற அவசரத்தில் பழைய பேப்பர்க்காரனுக்குப் போடப் போகிற மூட்டையை ஒரு தடவை அவிழ்த்துப் பாருங்கள். கொடை நோட்டுகள் கிடக்கும். பழைய கொடை நோட்டீசுகள் கிடக்கும். தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவும் நிக்காஹ் பதிவும் எங்கே இருக்கிறதென்று கேளுங்கள். கல்லறைச் சிலுவையில் பொறித்த ஆண்டைப் படம் எடுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் முளைப்பாரி சுமந்து நிற்கிற பெண்கள் யார் யார் என்று, அவர்கள் உயிரோடு இருக்கும்போதே பின்னால் பெயர் எழுதி வையுங்கள். இந்த மன்றத்தின் வாசலில் இன்றைக்கு ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். உங்கள் பெயரையும், எந்த எஸ்டேட், எந்த லைன், எந்தக் கோயிலுக்கு எந்த ஆண்டிலிருந்து வரி என்பதையும் அங்கே எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள். நோட்டு கைவசம் உள்ளவர்கள் கொண்டு வந்தால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிட்டு உங்கள் கையிலேயே திருப்பித் தந்துவிடுவார்கள்.